அர்த்தம் மறந்த பெயர்

தோழியின் கைக்குழந்தையைத் தூக்கும் முன் உள்ளங்கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டேன். அந்த ஸ்பிரிட் வாசனை மாரெட்பள்ளி நர்சிங்ஹோமுக்கும் என் எட்டு வயதுக்கும் என்னை மெல்ல இழுத்துப் போனது.

தங்கை குறைமாதத்தில் பிறந்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெளிச்சத்தில் மிதப்பவள்போல் கிடந்தாள். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை. வெளியே மழை விடாமல் பெய்தது. ஹைடெக் சிட்டியில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கிரேக்கக் கதைகள் என்றால் உயிர். அதீனா என்று பெயர் வைக்கலாம் என்றார்.

“அர்த்தம் என்னங்க?” என்றாள் அம்மா.

ஆபீஸ் இன்டர்நெட்டில் தேடிவிட்டு மறுநாள் சங்கடத்தோடு வந்தார் அப்பா.

“யாருக்கும் சரியா தெரியலம்மா. கிரேக்கர்களுக்கு முன்னாடியே அந்தப் பேர் இருந்திருக்கலாமாம். அர்த்தம் மறந்தே போச்சு. வேற பேர் பாக்கலாமா?”

அம்மா பெட்டியைப் பார்த்தாள்.

“நக்கோ, வேற பேர் வேணாம்,” என்றாள். “அர்த்தமே மறந்துபோற அளவுக்கு இத்தனை காலம் உயிரோட இருந்திருக்கே. அந்தப் பேரே இருக்கட்டும்.”

பிறகு கண்ணாடியருகே குனிந்து, முதன்முதலாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இப்போதும் யாராவது அர்த்தம் கேட்டால், அதீனா சிரித்துக்கொண்டே அம்மாவைக் கைகாட்டுகிறாள்.