சங்கரா மீனின் கண்

அடையாறில் வேளச்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறேன். அது வருகிற வழியைக் காணோம். நிறுத்தத்தின் பின்னால் இலவசக் கண் பரிசோதனை வேன் நிற்கிறது. அங்கே இப்போதுதான் கண்ணாடி வாங்கிய மீன்கார அக்கா, கூடைக்குத் திரும்பி வந்து தன் உள்ளங்கையையே அதிசயமாகப் பார்க்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் யாவாரம் பூடும் நைனா. இன்னிக்கு வேனே இங்க வந்து நிக்குது. துட்டும் கேக்கல."

"சங்கரா புதுசாக்கா?"

"மீன் கண்ணைப் பாரு. பளபளன்னு கீதா?" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். கூடவே தானும் பார்த்துவிடுகிறார். கண் பால் ஊற்றினாற்போல் வெளுத்திருக்கிறது. வேனுக்கு அனுப்பினால் அந்த மீனுக்கு ஆபரேஷனே எழுதிக்கொடுத்துவிடுவார்கள்.

"இத்தினி நாளா சத்தியம் பண்ணித்தான் வித்துக்கினு இருந்தேன். ஒரு பொய் சொன்னதில்ல" என்கிறார் வருத்தமாக.

"இனிமே?"

கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் பதமாகத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொள்கிறார். அதே மீனை மறுபடி தூக்கி, கண்ணைச் சுருக்கி உத்தேசமாகப் பார்க்கிறார்.

"சத்தியமா காலைல வந்த மீனு நைனா."