புரொப்பல்லரைக் கழற்றியவர்

அந்தப் புரொப்பல்லரைக் கழற்றியது நீங்கள்தான், சார். எங்கள் துறைத் தலைவராக இருந்தவர் என்பதற்காக இதை மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

காட்டாங்குளத்தூரில் நம் இன்ஜினியரிங் காலேஜில், கடைசி வருட புராஜெக்டைப் புராஜெக்ட் சென்டர் கடையில் வாங்கிப் பெயர் ஒட்டுவது சாதாரணம். நானும் என் நண்பனும் வாங்கவில்லை. மேடவாக்கத்தில் அவன் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் உட்கார்ந்து செய்தோம். தண்ணீர் லாரி வந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடுவோம்.

முதல் உலகப் போரில் விமானத்தின் மூக்கில் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தியபோது, எதிரே சுற்றும் சொந்தப் புரொப்பல்லர் விசிறியின் பிளேடையே தோட்டா உடைக்கும் என்ற சிக்கல் வந்தது. பிளேடில் இரும்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். பட்ட தோட்டா எங்கெங்கோ தெறித்தது. பிறகு புரொப்பல்லரோடு சுற்றும் ஒரு மேடுள்ள சக்கரத்தை வைத்தார்கள். பிளேடு விலகியிருக்கும் நேரத்தில் மட்டும் துப்பாக்கி சுடும்படி அந்த மேடு பார்த்துக்கொண்டது. எங்கள் மாடலும் அதுதான். தோட்டாவுக்குப் பதில் கொண்டைக்கடலை, பிளேடுக்கு மெல்லிய பலகை.

காலேஜ் புராஜெக்ட் கண்காட்சியன்று சாப்பிட்டுவிட்டு வந்தால், பிளேடு முழுக்கச் சந்தனம், குங்குமம்.

"மச்சான், யார்டா இதுல கை வெச்சது?" என்றான் நண்பன்.

"நான்தான்ப்பா. சாமி படத்துக்கு முன்னாடி வெச்சுட்டுத் திரும்ப மாட்டிட்டேன். ஆயுதமாச்சே, பூஜை போடாம ஓட்டுவாங்களா?" என்றீர்கள்.

எந்த நிலையில் மாட்ட வேண்டும் என்று நாங்கள் கீறிய கோடு சந்தனத்துக்குள் மறைந்திருந்தது.

"சார், ஒரு நிமிஷம். கோடு சரியா கீதான்னு பாத்துடறேன்" என்றான் அவன்.

"சீஃப் கெஸ்ட் நிக்கிறார்ப்பா." சுவிட்சை நீங்களே போட்டீர்கள்.

கோடு தள்ளி மாட்டியிருந்ததால் முதல் கடலையே பிளேடை உடைத்தது.

"எந்த சென்டர்லப்பா வாங்கினீங்க? வித்தவன் ஓட்டக் கத்துக் குடுக்கலையா?" என்றீர்கள்.

அரங்கமே சிரித்தது. "நாங்களே செஞ்சது சார்" என்று அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கடையில் வாங்கியது என்று எங்களைப் பெயிலாக்கினீர்கள். கேம்பஸில் அவனுக்குக் கிடைத்திருந்த வேலை போனது.

போன மாதம் பழைய மாணவர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து இதையே ஜோக்காகச் சொன்னீர்கள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கிறேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அதே மைக்கைப் பிடித்து, அதே கூட்டத்தின் முன்னால் சொல்லுங்கள்: கழற்றி மாட்டியது யார்? அவன் அதை வாங்கினானா, செய்தானா?