கடைசி வாங்கில் ஆடாத தலை

படிப்பிக்கப் பழக்குவது என்பது, இன்னொருவர் வகுப்பின் கடைசி வாங்கில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொழில். யாருக்காவது கார் ஓட்டப் பழக்கியவர்களுக்கு, பக்கத்து இருக்கையில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதித்துக் கால் வீங்கியவர்களுக்கு, என் நிலைமை புரியும்.

பலெர்மோவில், கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவர்களை விரிவுரையாளர்களாகப் பழக்குவது என் வேலை. பாடம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அறுபது பேர் முன்னால் நிற்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் பின்னால் இருந்து, ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆசிரியர் செய்ததையும், வலப்பக்கம் அதே நேரத்தில் வகுப்பு செய்ததையும் எழுதுவேன். வகுப்பு முடிந்ததும் தாளைக் கையில் கொடுப்பேன். அதற்குப் பிறகு என்னுடன் கோப்பி குடிக்கப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

காலியான மண்டபம்

என் முதல் வருடம், முதல் வகுப்பு, காலை ஒன்பது மணி. நான் யாழ்ப்பாணத்து ரியூட்டரியில் படிப்பித்தவள். அங்கே ஒன்பது மணி வகுப்புக்கு எட்டே முக்காலுக்கே வாங்கு பிடிக்க அடிபடுவார்கள். இங்கே ஒன்பது பத்தாகியும் ஒரு குருவி இல்லை. இந்த ஊரில் என் நிறத்துப் பெண்களை எல்லோருக்கும் தெரியும்: வீடு துடைக்க வருபவர்கள், வயோதிபர்களைப் பார்த்துக்கொள்பவர்கள். இவளிடம் என்ன படிப்பது என்றுதான் வரவில்லை என நானே முடிவு கட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு, வியா மக்வேதா தெரு முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தேன்.

இத்தாலியில் விரிவுரை என்றால் கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்குவதுதான் முறை என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு எல்லோரும் வந்து, பத்து மணிவரை காத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் ஜூலியா என்ற மாணவி மரியாதையாகத்தான் சொன்னாள்: "நாங்கள் ஏழு பேரும் இருந்தோம். வராதது நீங்கள்தான்."

மார்க்கோவின் கணக்கு

என் தலைக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்கள் தலைக்கும் இருக்கும். நல்ல விளக்கத்தைக் கேட்டால் அது கச்சேரி கேட்பவர் தலை மாதிரித் தானாக இடமும் வலமும் ஆடும். கணிதத்தில் ஆய்வு செய்த மார்க்கோ அன்று அருமையாகப் படிப்பித்தான், நான் ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான், சரியாக எழுதியிருந்த வரியை அழித்துவிட்டு வேறொன்று எழுதினான். அது பிழை. என் தலை நின்றுவிட்டது. அதைக் கண்டதும் அவன் முகம் தெளிந்து, அந்தப் பிழையின் மேலேயே மிச்சக் கணக்கையும் கட்டி முடித்தான்.

அன்றிலிருந்து, தலை ஆடாதபடி, நாடியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் வகுப்பில் உட்காருகிறேன். கழுத்து வலி நிரந்தரம். மார்க்கோ வெளியே வந்து சொன்னது இதுதான்: "அரை மணி நேரம் இல்லை, இல்லை என்றீர்கள். பிறகு நிறுத்தினீர்கள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது."

வேண்டாம் என்ற புள்ளி

இங்கே சோதனை வாய்மொழியாகத்தான். கொடுக்கும் புள்ளி பிடிக்காவிட்டால் மாணவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த முறை வரலாம். என்னிடம் பழகிய கியாரா முதல் தடவையாகப் பேராசிரியருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கேள்வி கேட்ட நாளில், ஒரு மாணவி சிரித்தபடி அவள் கொடுத்த புள்ளியை மறுத்துவிட்டாள். கியாராவுக்கு முகம் செத்துவிட்டது. நான் ஆறுதல் சொல்லப் போனேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பொறாமை. எங்கள் தொழிலில் திரும்பி வருபவர்கள் தவறியவர்கள் மட்டும்தான், தேறியவர்கள் வருவதில்லை. அந்தப் பெண் கதவடியில் நின்று கியாராவிடம் கேட்டாள்: "அடுத்த மாதமும் நீங்கள்தானே இருப்பீர்கள்?"

சுவரோடு நின்றவள்

போன வருடம் ஜெசி வந்தாள். கடல் உயிரியலில் ஆய்வு செய்பவள். மன்னாரிலிருந்து வந்த குடும்பம், வீடு இங்கே பிரான்காச்சோ பகுதியில், தாய்க்குச் சிஞ்ஞோராக்கள் எனும் இத்தாலிய எசமானிகளின் வீடுகளில் வேலை. அவளுடைய முதல் பயிற்சி வகுப்பில் நான் நாடியைப் பிடிக்க மறந்துவிட்டேன். தலை ஆடியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனாள். எட்டு வருடத்தில் என் தலையைச் சரியாக வாசித்த முதல் ஆள்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் கபோ சந்தைக்குப் போவோம். கடலை மாவைப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். ஜெசி தன் பையிலிருந்து மிளகாய்த்தூள் எடுத்து இரண்டுபேர் பாணிலும் தூவுவாள். அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ்ச் சொல் கதைக்க ஆளில்லாமல் இருந்த எனக்கு அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு பெரிது என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பயந்துபோவாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. கரும்பலகைக்கு நடுவில் நிற்கமாட்டாள், வலது மூலையில் சுவரோடு ஒட்டி நிற்பாள். பாதி வகுப்புக்கு அவள் கண்ணிலேயே படுவதில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேனையை வைத்துவிட்டு போனைப் பார்த்தார்கள். தாளில் அதை எழுதிக் கொடுத்தபோது, வாசித்துவிட்டுச் சொன்னாள்: "சின்னனிலை அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவா, அக்கா. சிஞ்ஞோராவுக்குக் குறுக்கை நிக்காதை, சுவரோடை நில் எண்டுவா. அது இன்னும் காலிலை கிடக்கு."

எழுதாத பக்கம்

அவளுக்கு இரண்டு வேலைகள் கண்ணில் பட்டன. ஒன்று இங்கேயே, எங்கள் மாடியிலேயே, ஒரு வருடத்துக்கு உதவி விரிவுரையாளர். மற்றது வடக்கே ஒரு நகரத்தில், நிரந்தரமான இடம். இரண்டுக்கும் ஆட்கள் முன்னால் ஒரு மாதிரி விரிவுரை நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அவளைத் தெரியும், சுவரோடு நின்றாலும் எடுத்துவிடுவார்கள். வடக்கே அப்படி நின்றால் அன்றைக்கே அவளை மறந்துவிடுவார்கள்.

ஒரு வகுப்பை இருத்தி ஒத்திகை பார்த்த அன்று அவள் மறுபடி சுவரோடுதான் நின்றாள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மறுபடி பேனையை வைத்தார்கள். நான் எழுதவில்லை. பேனை கையில் இருந்தது, வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. இவள் சரியாக நின்றால் போய்விடுவாள், பிழையாக நின்றால் என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும். தாளை வாங்கிப் பார்த்த ஜெசி, நம்பிக்கையோடுதான் கேட்டாள்: "வலப்பக்கம் ஒண்டும் இல்லை, அக்கா. அப்ப நான் சரியாத்தானே நிண்டனான்?"

பதினொரு கதிரை

அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்த நாள் வேளைக்கே போய், பின்னால் கிடந்த பதினொரு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கரும்பலகைக்கு வலப்பக்கத்துச் சுவரை அடைத்தேன். ஜெசி வந்து பார்த்தாள். நிற்க இடமில்லை, நடுவுக்கு வந்தாள். "நேற்று நான் எழுதாமல் விட்டது இதைத்தான்" என்றேன். ஏன் விட்டேன் என்று அவள் கேட்கவில்லை. விளங்கியிருக்கும், கெட்டிக்காரி. மூன்று கிழமை அப்படியே பழகினோம். கடைசிக்கு முதல் நாள் பாதியைத்தான் அடுக்கினேன், கடைசி நாளன்று ஒன்றுமே அடுக்கவில்லை. அவள் நடுவிலேயே நின்றாள்.

அந்தக் கிழமைகளில் ஒரு மதியம் நானே கதிரைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அம்மா எட்டிப் பார்த்தார். "தினமும் கதிரை தூக்குவது நான் மட்டும்தான் என்று நினைத்தேன், புரொஃபெசொரெஸ்ஸா. நீங்களும்தானா?"

நடுவில்

வடக்கே அவளை எடுத்துவிட்டார்கள். புறப்பட்ட அன்று அவளுடைய தாயும் நானும் ரயில் நிலையத்தில் நின்றோம். தாய் அழுதார், நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகைதான், ஆனால் தாய் இருக்கும்போது நான் அழ என்ன உரிமை என்று விழுங்கிக்கொண்டேன்.

இப்போது புதிதாக ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். கடைசி வாங்கில் நாடியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். கபோவுக்குத் தனியே போகிறேன், மிளகாய்த்தூள் கொண்டுபோக நினைவிருப்பதில்லை. தன் முதல் விரிவுரை முடிந்த கையோடு ஜெசி போன் எடுத்தாள். எப்படிப் போனது என்று கேட்டேன். "நடுவிலைதான் நிண்டனான், அக்கா. எல்லாரும் எழுதினவை. பழக்கத்திலை கடைசி வாங்கைப் பார்த்தனான், அங்கை ஒருத்தரும் தலையாட்டேல்லை."

நன்றாகப் பழக்கினால் போய்விடுவார்கள், அரைகுறையாகப் பழக்கினால் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதால், இந்தத் தொழிலில் தேறிவிட்டதற்கு அடையாளம் மத்தியானச் சாப்பாட்டைத் தனியே சாப்பிடுவதுதான்.