சாப்பாட்டு மேசையில் ஒரு எஞ்சின்

என் அக்காவின் கணவர் பிளம்பர். பக்கத்தில் எங்காவது ஒரு குழாய் சொட்டினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவ எழுந்தவர் திரும்பவில்லையே என்று தேடினால், வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரிமோட் விமானம் விடும் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. விமானத்தின் மூக்கில் எலுமிச்சம்பழ அளவில் நிஜ எஞ்சின். அது குடிப்பது விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். குடியிருப்பது அக்காவின் சாப்பாட்டு மேசை. அக்கா மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டாள். பழகினாளே தவிர, மறக்கவில்லை.

போன மாதம் அந்த எஞ்சினுக்கு என்னவோ ஆனது. கிளம்பும், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தும், கொஞ்ச நேரத்தில் குரல் ஏறி ஒரு இழுப்பு இழுத்து அடங்கிவிடும். அக்கா சமயம் பார்த்துப் பந்தயம் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விமானம் பறந்தால் மேசையைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டாள். பறக்காவிட்டால் மேசை அவளுக்கு. மாமா ரோஷக்காரர், ஒப்புக்கொண்டார். நான் சாட்சி.

அந்த வாரம் முழுக்க வால் பிடிக்கும் வேலை எனக்கு. ஆபீசில் செய்து பழகியதுதான், இங்கே விமானத்தின் வால். மாமா பிளக்கை மாற்றினார், ஊசித் திருகைத் திருப்பிப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எரிபொருள் விற்றவனைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், வாலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என்னையும் திட்டினார். ஒவ்வொரு தடவையும் எரிபொருள் ட்யூபைக் கழற்றி மாட்டியதும் எஞ்சின் அருமையாகக் கிளம்பும். குற்றவாளி சிக்கிவிட்டான் என்று மாமா என் முதுகில் தட்டுவார். கை எடுப்பதற்குள் எஞ்சின் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே கூத்துதான். விமானம் மண்ணில் கொஞ்ச தூரம் ஓடும், புல்லுக்குள் போய் நின்றுவிடும். மாமா போய்த் தூக்கி வருவார். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"சரி, மேசை உனக்கே," என்றார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. தம்பி காதுல விழணும்," என்றாள் அக்கா.

சொன்னார். அக்கா குனிந்து விமானத்தின் வயிற்றுக்குள் கையை விட்டாள். டேங்கிலிருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்றின் வாயிலிருந்து, வெள்ளை டேப் சுற்றிய குட்டித் திருகை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த டேங்கில் இரண்டு குழாய்கள். ஒன்று எரிபொருளை எஞ்சினுக்கு அனுப்பும், மற்றது காற்றை உள்ளே விடும். காற்றுக் குழாய் மேசையில் சொட்டுப் போட்டது பொறுக்காமல் மாமாவே அதை அடைத்திருக்கிறார். காற்று போகாத டேங்கிலிருந்து எண்ணெய் எப்படி வரும்? ட்யூபைக் கழற்றிய போதெல்லாம் கொஞ்சம் காற்று நுழைந்தது, அதனால்தான் அந்த அருமையான ஓட்டம். ஆனால் சொட்டை நிறுத்திய வேலையில் குற்றம் இருக்கும் என்று சந்தேகப்பட அவர் பிறவியிலேயே இடமில்லை.

"மாடி வீட்டுத் தண்ணித் தொட்டிக்குக் காத்துக் குழாய் வைக்கலைன்னு அந்தம்மாவை அந்தத் திட்டு திட்டினீங்க. உங்க டேங்குக்கு மூக்கைப் பொத்தினது யாரு?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே. மேசை துடைக்கிறவ நான்தானே? சொட்டு நின்னுச்சு, எஞ்சினும் நின்னுச்சு."

மாமா கோபப்படுவார் என்று பயந்தேன். அதற்கு அவருக்கு நேரமில்லை. மறுபடி கிளப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, நிற்கவே இல்லை, விமானம் மரங்களுக்கு மேலே ஏறிவிட்டது. அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும்தான்.

அன்று இரவு மேசையில் புது விரிப்பு. சாட்சிக்கும் விருந்து. உட்காரப் போனேன், எனக்கான நாற்காலியில் எஞ்சின் டேங்கோடு திருகிப் பொருத்தப்பட்டிருந்தது.

"மேசையைத்தானே கேட்டே? நாற்காலியைப் பத்திப் பேச்சே வரலையே. மச்சான், நீயே சொல்லு," என்றார் மாமா.

சாட்சி பொய் சொல்ல முடியாது. நின்றுகொண்டே சாப்பிட்டேன். நாற்காலிக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மாமா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.