கனவு கேட்ட தம்பிதுரை

சிங்காநல்லூரில் என் பட்டறைக்கு அடுத்தது தம்பிதுரையின் பட்டறை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். மரியாதையில் அவனை அடிக்க ஆளில்லை. தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டாரை ஓடவிட்டுக் கரியாக்கிக் கொண்டுவரும் தோட்டத்துக்காரரிடம்கூட, "உங்க தப்பு இல்லீங்க, கரண்டோட தப்புங்க" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருசம் அவன் மனைவி செவ்வந்தி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. கண்ணசந்தால் கனவில் அவள் வந்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்தாள், மிக்சியில் தேங்காய் அரைத்தாள், ஒரு தடவை இவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் கனவு. அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவன் முகத்தில் உயிர் இருந்தது.

ஆள் பாதியாகிவிட்டான். நான்தான் மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பிரத்யுஷா என்று சின்ன வயசுப் பெண். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் பட்டறைக்கு வர ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் டாக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்பார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்குதுங்க அம்மணி" என்பான். அதே மாத்திரை தொடரும்.

ஒரு நாள் டீ கிளாசைப் பிடித்த அவன் கை நடுங்கியது. என்னவென்று கேட்டேன்.

"மாத்திரைய நிறுத்திப்போட்டேன் மச்சா. அதப் போட்டதுல இருந்து அவ வாரதே இல்ல."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"அந்தப் புள்ள நம்ம மேல அக்கறையா எழுதிக் குடுத்துருக்குது. அதுல போயி கொறை சொன்னா மனசு சங்கடப்படாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கொறையச் சொல்லத்தான்டா அவங்க கேக்கறாங்க! உன்ற மரியாதையத் தூக்கிக் குப்பையில போடு!" என்று கத்தி, அன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டர் அறையில் நானே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் முதலில் திட்டினார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் தலைசுற்றலும் வரும் என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். மூளையில் செரோடோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது போய் ஒட்டிக்கொள்கிற இடங்களுக்கு ஏற்பி என்று பேர். ஏற்பிகளில் பல வகை. தூக்கம், பசி, மனநிலை என்று ஒவ்வொன்றிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. பழைய மாத்திரை செரோடோனினையே கூட்டிவிடும், அதனால் எல்லா வகையிலும் போய் ஒட்டும். சிலருக்கு அதில் கனவு குறைந்துபோகும். இனி தரப்போகிற புது மாத்திரை அப்படியல்ல, சில வகை ஏற்பிகளை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

தம்பிதுரை நிமிர்ந்தான். "பதினாலு ஸ்பேனரு பதினாலு நட்டுலதான் உக்காரும்ங்கற மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க ஐயா. இதுல சில பேருக்குக் கனவு நிறையவே வரும்."

அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கென்ன.

நிறுத்திய பழையதை மறுபடி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைத் தொடங்கினார். தூக்கம் வந்தது, கன்னத்தில் சதை வைத்தது. அடுத்த முறை டாக்டர் கேட்டபோது அவன் மழுப்பவில்லை.

"கனவு வருதுங்க அம்மணி, தெளிவா வருது. பெருந்துறை பஸ்சு வருது, எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு வாராரு, ஆருன்னே தெரியாதவங்கெல்லாம் வாராங்க. அவ மட்டும் வர்லீங்க."

"யார் வரணும்ங்கறத மாத்திரையால சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார் டாக்டர். வேண்டுமானால் வேறு மருந்து பார்க்கலாமா என்றும் கேட்டார்.

"வேண்டாங்க, இதையே எழுதுங்க. கனவுன்னு ஒண்ணு வந்துட்டிருந்தா, என்னைக்காவது ஒரு நாள் அவளும் வருவா இல்லீங்களா?"

பகலில் படுக்கிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இப்போது ஞாயிற்றுக்கிழமையானால், மத்தியானச் சோறு தின்ற கையோடு பாயை விரித்துவிடுகிறான்.