மூடுபனிக்கு மஞ்சள் விளக்கு

நம்பச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. ஆனால் இது நடந்தது. அந்த ஜீப்பை ஓட்டியவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரசாக் இன்றும் பொள்ளாச்சியில்தான் இருக்கிறான்.

1996. மலை எஸ்டேட்டுகளுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போவது என் பிழைப்பு. முந்தின வருடம் மார்கழியில் என் மனைவி செவ்வந்தியும் கூட வந்தாள். ஒரு வளைவில் மூடுபனி பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

"நீங்க இருங்க மாமா. நான் எறங்கி ரோட்டைப் பாத்துச் சொல்றேன்."

இறங்கினாள். "வாங்க... நேரா வாங்க..." என்றாள். பிறகு குரல் வரவில்லை. விடிந்த பிறகுதான் பள்ளத்திலிருந்து அவளைத் தூக்கிவந்தார்கள்.

பல மாதம் ஜீப்பைத் தொடவில்லை. கடைசியில் ரசாக்கிடம் கொண்டுபோனேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். செவ்வந்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இருக்கறதுலயே பெரிய வெள்ளை லைட்டாப் போடு ரசாக்கு."

"வேண்டாமுங்ணா. வெள்ளை, பனியில பட்டுக் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். மஞ்சள் போட்டுக்கலாமுங்க. பம்பருக்குக் கீழ, தாழ்வா."

பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தான். நடுவில் ஃபியூஸ், ரிலே. டேஷ்போர்டில் தனி சுவிட்ச். தட்டினான். 'டிக்.' ஷெட் சுவர் முழுக்க மஞ்சள்.

"இது அன்னைக்கே இருந்திருந்தா..." என்றேன். ரசாக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பனியில் சோதித்துப் பார்க்க அன்று மாலையே இருவரும் மலையேறினோம். இருட்டும் நேரம். அதே வளைவு. அதே பனி. சுவிட்சைப் போட்டேன். ரோடு, ஓரக்கல் வரை தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போது...

முன்னால் அவள் நடந்துபோனாள்.

அன்று கட்டியிருந்த அதே பச்சைச் சேலை. கல், புல், பனி எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. சேலை மட்டும் பச்சையாகவே இருந்தது. வெளிச்சம் அவள்மேல் விழவில்லை.

"வாங்க... நேரா வாங்க..."

போனேன்.

"அண்ணா, வளைவுங்ணா! ஸ்டியரிங்க ஒடிங்க!"

அவள் திரும்பவே இல்லை. எனக்கு அந்த முகம் வேண்டும். ஒரே ஒரு தடவை...

ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

க்ரீச்ச்ச்...

ஜீப் குலுங்கி நின்றது. ஹேண்ட்பிரேக் இழுபட்டிருந்தது. முன்சக்கரத்துக்குக் கீழே மண் சரிந்தது. சரசரவென்று... வெகுநேரம்.

எதிரே யாருமில்லை.

ரிவர்ஸ் எடுத்து ஊர் திரும்பினோம். மறுநாள் ரசாக் காய்ச்சலில் கிடந்தான். பார்க்கப் போனேன்.

"நீ மட்டும் பிரேக்க இழுக்கலீன்னா, நான் போயிருப்பேன்டா."

"நான் இழுக்கலீங்ணா."

"பின்ன?"

"பின் சீட்டுல இருந்து அக்காதான் எக்கி இழுத்தாங்க. ஈரச் சேலையோட... உங்களையே பாத்துட்டு இருந்தாங்க. நீங்கதான் திரும்பவே இல்லீங்ணா."

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறாள்.

அப்படியென்றால்... முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டது யார்?