விட்கோம் வீட்டு வெண்ணெய்

ஹிட்டி என்று நாங்கள் கூப்பிடும் என் அக்கா மெஹிட்டபெலைப் போன மாதம் அடக்கம் செய்தோம். புதுப் போதகர் அவளோடு இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. "எது கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட நன்றியுள்ள ஆத்துமா" என்று உருகினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் எதையெல்லாம் ஏற்றுக்கொண்டாள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எங்கள் அப்பாவும் போதகர்தான். மாசசூசெட்ஸ் மலைப்பக்கம், எண்பது வீடுள்ள ஊர். சபை அவருக்குப் பாதிச் சம்பளத்தைத்தான் காசாகத் தரும். மீதிக்கு ஈடாக ஜனவரியில் ஒருநாள் மதியம் ஊரே திரண்டு எங்கள் வீட்டுக்கு வரும். காணிக்கை விருந்து என்று அதற்குப் பெயர். வண்டு விழுந்த மாவு, செத்துப்போன மாமனாரின் அக்குள் கறையோடு சட்டை, ஜோடி இல்லாத ஒற்றைக் காலுறை என்று தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சகிக்காததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆப்பிள் வற்றல் மட்டுமே எட்டு மூட்டை வந்த வருஷம் உண்டு. கொடுத்த கையோடு உட்கார்ந்து, அம்மா மூன்று நாள் அடுப்படியில் வெந்து செய்ததை எல்லாம் தின்று தீர்ப்பார்கள். போகும்போது அடுப்புக்குப் பின்னால் புகையிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போவார்கள். மறுநாள் கத்தியால் அதைச் சுரண்டி எடுப்பது என் வேலை. தூ! பக்தியாம், காணிக்கையாம்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது ஹிட்டி அக்காவின் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான். விரிசல் விட்ட பானையை இரண்டு கையாலும் வாங்கி, "எதுக்கும்மா இவ்வளவு சிரமம்!" என்பாள்.

"எப்படிக்கா உன்னால முடியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூச்சைப் புடிச்சிக்கிட்டா முடியும்டி லொவீ," என்றாள்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றாம் வருஷ ஜனவரியில் அவளுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. ஊர்ப் பள்ளி வாத்தியார் பாதிக் குளிர்காலத்தில் உள்நாட்டுப் போருக்காகப் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வேறு ஆண்பிள்ளை கிடைக்காததால் ஒரு பெண்ணை வைக்கலாம் என்று முதல்முறையாகப் பேச்சு அடிபட்டது. அக்கா பாத்திரம் தேய்க்கும்போதும் கணக்குப் புத்தகத்தை எதிரே விரித்து வைத்திருந்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்தவர் பழந்துணியை வாங்கிக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக் கமிட்டி என்றால் அது சபைப் பெரியவரான டீக்கன் விட்கோம்தான். விருந்தன்று கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துக்கொண்டே, "திங்கக்கிழமை சொல்லியனுப்புறேன் ஹிட்டி. அநேகமா உனக்குத்தான்னு வெச்சிக்கோ," என்றார். அக்கா சமையலறைக்கு ஓடிவந்து என் கையை அப்படி ஒரு பிடி பிடித்தாள்.

பின்னாலேயே டீக்கனின் மனைவி கெசையா அம்மாள் வெண்ணெய் மரத்தொட்டியோடு வந்தாள். தொட்டியின் பக்கவாட்டில் அவள் வீட்டு அடையாளமான அன்னப்பறவையைச் சூட்டுக்கோலால் பொறித்திருக்கும். அந்த வெண்ணெயின் லட்சணம் எனக்குத் தெரியும். மேலே இரண்டு விரல்கடை மஞ்சளாக, கமகமவென்று இருக்கும். கீழே போகப் போகச் சாம்பல் நிறம், அதற்கும் கீழே பச்சை. நல்ல வெண்ணெய் பாஸ்டனுக்கு விலைக்குப் போய்விடும்.

சாப்பாட்டு மேசையில் அவள் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "போதகர் வீட்டுப் பொண்ணுங்களைப் பாருங்க, என்னமா புஷ்டியா இருக்குதுங்க! எல்லாம் எங்க வெண்ணெயத் தின்னு வளர்ந்த உடம்பு!"

ஊரே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய் அந்தத் தொட்டியைப் பெரிய தட்டில் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தேன். அடிப்பாகம் மேலே வந்தது. பச்சைப் பூசணம், மாட்டு மயிர், நடுவில் ஒரு எலி வால். பரிமாறுகிற சந்தடியில் யாரும் கவனிக்காதபோது அதைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன். அன்னப்பறவை எல்லோர் கண்ணிலும் படும்படி காலித் தொட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன்.

முதலில் நாற்றம் மேசை முழுக்கப் பரவியது. பேச்சு நின்றது. கொல்லன் மனைவி எலி வாலைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

கெசையா அம்மாளின் முகம் வெளிறியது. "யாரு இதைக் கொண்டாந்து இங்க வெச்சது?"

வாயைத் திறந்தேன். டீக்கனின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான்தாம்மா. அவசரத்துல கவனிக்கல."

"கவனிக்கலையா? இந்த லட்சணத்துல நீ புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்!"

அப்பா அவசரமாக ஜெபம் செய்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். திறந்ததும் மறுபடி தின்ன ஆரம்பித்தார்கள். எலி வாலுக்கு அந்தப் பக்கமாகக் கையை நீட்டிப் பன்றிக்கறியை எடுத்தார்கள். ஒருவருக்காவது பசி கெட வேண்டுமே! நானும் கெசையா அம்மாளின் கோப்பையை நிரப்பினேன். "உனக்காச்சும் மரியாதை தெரியுதே," என்று பிசுபிசுத்த கையால் என் கன்னத்தைத் தட்டினாள்.

திங்கட்கிழமை டீக்கனிடமிருந்து சீட்டு வந்தது. பள்ளிக்கூட வேலை லொவீனாவுக்கு என்று எழுதியிருந்தது. லொவீனா நான்தான்.

அந்த வசந்தத்தில் அக்கா செருப்புப் பட்டறைகள் உள்ள ஒரு ஊருக்குப் போய் மேல்தோல் தைக்கிற வேலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் தைத்தாள். கண் மங்கியதும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. நான் தலைமை ஆசிரியை வரைக்கும் போய்விட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் என் படம்கூட மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்புதான். ஆனால் அதைவிட அருவருப்பானது வேறொன்று. சீட்டு வந்ததும், "நான் போய் உண்மையச் சொல்லிடறேன்க்கா," என்றேன். அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னா நம்ம ரெண்டு பேருக்குமே இல்லைன்னு ஆயிடும். கெசையா அம்மாவோட அண்ணன் பொண்ணு அந்த வேலைக்குத் தயாரா உக்காந்திருக்கா. நீயே வாங்கிக்கோ."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு தடவையாவது மறுப்பேன் என்று காத்திருந்தாள். முதல் நாள் எந்த உடுப்பில் போகட்டும் என்று அவளிடமே கேட்டேன்.